ஓஃபரில் கையெழுத்து வைத்தாச்சு, இனி என்ன?

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 24 வருடமாக இருந்த வீட்டை விற்கிறோம். செப்டம்பர் 10ஆம் திகதி, 980,000 டொலருக்கு வந்த ஓஃபரை ஏற்றுக்கொண்டோம். குளோசிங் (காசும் வீடும் கைமாறும் நாள்) நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. வாங்குபவர்கள் 50,000 டொலர் டிபொசிட் கட்டியிருக்கிறார்கள். மோர்ட்கேஜுக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் ஐந்து வேலை நாள் கேட்டிருக்கிறார்கள். "இனி உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, பெட்டியைக் கட்டுங்கோ" என்கிறார் ஏஜென்ட். ஆனால் பேஸ்மென்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நாங்களும் அதே நாளில் ரொறன்ரோவுக்கு வெளியே ஏஜாக்ஸில் ஒரு டவுன்ஹவுஸ் எடுக்கிறோம். அந்த 50,000ஐ அதற்குப் பயன்படுத்தலாமா? குளோசிங் வரைக்கும் வேறு என்னவெல்லாம் வரும்?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்:

வணக்கம் அக்கா.

உங்கள் ஏஜென்ட் சொன்னதில் பாதி சரி. பெட்டி கட்டத் தொடங்கலாம். மற்றப் பாதிதான் என்னைப் போன்ற சட்டத்தரணிகளின் மேசைக்கு வந்து சேரும். நீங்கள் இன்னும் வீட்டை விற்கவில்லை, நவம்பர் 14 அன்று விற்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அன்றைக்குப் பதிவு முடியும்வரை கூரை ஒழுகினால் அது உங்கள் கூரை, கீழே இருப்பவர்கள் உங்கள் வாடகைக்காரர்கள்.

வழக்கமாக இப்படியான கேள்விக்கு நான் கண்டிஷன்களில், அதாவது வீட்டுக் கடன் கிடைத்துப் பரிசோதனையும் சரிவந்தால்தான் வாங்குவோம் என்று வாங்குபவர்கள் போடும் நிபந்தனைகளில், தொடங்குவேன். உங்கள் விஷயத்தில் பேஸ்மென்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே திகதிக் கணக்கு ஏற்கெனவே பிழையாகப் போயிருக்கிறது.

ஒன்ராறியோவில் ஏஜென்ட்மார் வழக்கமாகப் பயன்படுத்தும் அச்சடித்த ஒப்பந்தப் படிவத்தில், வேறுமாதிரி எழுதியிருந்தாலொழிய, குளோசிங் அன்று வீட்டை ஆளில்லாமல் ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது. வாடகைக்காரர் தொடர்ந்து இருப்பார்கள் என்று உங்கள் ஒப்பந்தத்தில் எங்கும் எழுதவில்லை என்றால், கீழ்ப்பகுதியையும் காலியாகத் தருவதாக நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் "வீட்டை வித்தாச்சு, நீங்கள் வெளிக்கிடுங்கோ" என்று சொல்லி ஒருவரை எழுப்ப இங்கே சட்டத்தில் இடமில்லை. வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் தானாக முடியாது. வாங்குபவரோ, அவருடைய துணையோ, பிள்ளையோ, பெற்றோரோ அந்த இடத்தில் குடியிருக்கப் போகிறார்கள் என்றால், அவர் சார்பில் நீங்கள் என்-12 என்ற நோட்டீஸைக் கொடுக்கலாம். குறைந்தது 60 நாள் தர வேண்டும், நோட்டீஸ் முடியும் திகதி வாடகை மாதத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும், ஒரு மாத வாடகையையும் நட்டஈடாகக் கொடுக்க வேண்டும். வருட ஒப்பந்தம் இன்னும் முடியாமல் இருந்தால், அது முடிவதற்கு முந்திய திகதி எதையும் போட முடியாது.

இப்போது விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்டிஷன்கள் செப்டம்பர் 17ஆம் திகதி நீங்கி, மறுநாள் நோட்டீஸ் கொடுத்தால் 60 நாள் நவம்பர் 17இல் முடியும். அது மாதத்தின் நடு. ஆகவே நீங்கள் போடக்கூடிய முந்திய திகதி நவம்பர் 30. ஓஃபர் ஏற்ற மறுநாளே கொடுத்திருந்தாலும் அதே 30தான். குளோசிங்கோ 14ஆம் திகதி. வாடகைக்காரர் இருக்கும் வீட்டுக்கு குளோசிங் திகதி போடும்போது இந்தக் கணக்கை யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

30ஆம் திகதி வந்தவுடன் அவர்கள் போய்விடுவார்கள் என்றும் இல்லை. என்-12 என்பது வெறும் அறிவித்தல். அவர்கள் போக மறுத்தால் வீட்டுக்காரர்-வாடகைக்காரர் சபைக்கு (Landlord and Tenant Board) விண்ணப்பித்துக் கட்டளை வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அதுவரை வாங்குபவர் பொறுத்திருக்கத் தேவையில்லை. என்னிடம் வந்த ஒருவர், "நல்ல சனம், சொன்னால் போயிடுவினம்" என்று கடைசிக் கிழமைவரை ஒன்றும் எழுத்தில் வாங்கவில்லை. குளோசிங் அன்று வாங்கியவரின் சாமான் லொறி டிரைவ்வேயில் நிற்கிறது, கீழே டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த விஷயத்தைத் தீர்த்துவைக்க அவருக்குச் செலவானது, பேஸ்மென்டால் ஒரு வருடம் கிடைத்த வாடகையைவிட அதிகம்.

ஆகவே இந்தக் கிழமையே மூன்று அலுவல் பாருங்கள். முதலில் ஏஜென்ட் மூலம் வாங்குபவர்களைக் கேளுங்கள்: பேஸ்மென்டில் தாங்களே இருக்கப் போகிறார்களா, வேறு ஆளுக்கு வாடகைக்கு விடப் போகிறார்களா? வாடகைக்கு விடுவதென்றால் இப்போது இருப்பவர்களையே அவர்கள் ஏற்றுக்கொள்ளலாம், தலையிடி தீர்ந்தது. தாங்களே இருக்கப் போகிறார்கள் என்றால் அதைக் கையெழுத்தோடு வாங்குங்கள். அது இல்லாமல் என்-12 கொடுக்கக் கூடாது, பொய்க் காரணத்துக்கு என்-12 கொடுப்பது பெரிய குற்றம். இரண்டாவது, குளோசிங்கை டிசம்பர் முதல் கிழமைக்குத் தள்ளச் சம்மதிப்பார்களா என்று பாருங்கள். இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்தால்தான் திகதி மாறும். மூன்றாவது, கீழே போய் மரியாதையாக உட்கார்ந்து கதையுங்கள். நான் என்றால் இதைத்தான் முதலில் செய்வேன். வேறு வீடு தேட உதவி, சாமான் ஏற்றும் செலவு, கையில் ஒரு தொகை என்று பேசி, அவர்கள் மனமொத்துச் சம்மதித்தால் என்-11 படிவத்தில் திகதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். சில ஆயிரம் டொலர் போகும். போகட்டும், இதில் கை இறுக்க வேண்டாம்.

பேஸ்மென்ட் நகரசபையில் பதியாதது என்பதால் அவர்களுக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் உங்கள் குசினியையோ குளியலறையையோ உங்களோடு பகிர்ந்து இருப்பவர்கள் என்றால் மட்டும் வாடகைக்காரரைக் காக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. தனிக் குசினி, தனி வாசல் என்றால் முழுமையாகப் பொருந்தும்.

சரி, இனி கண்டிஷன்களுக்கு வருவோம். இந்த ஐந்து நாளும் ஒப்பந்தம் வாங்குபவர்கள் கையில்தான் தொங்குகிறது. கண்டிஷன் நிறைவேறியது என்றோ, அதைக் கைவிடுகிறோம் என்றோ அவர்கள் நேரத்துக்குள் எழுத்தில் தரவில்லை என்றால் ஒப்பந்தம் செல்லாது, டிபொசிட்டும் முழுதாகத் திரும்பிப் போகும். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. கட்டுபவர்களிடம் புதுக் கொண்டோ வாங்குகிறவர்களுக்கு இருக்கும் பத்து நாள் அவகாசம் பழைய வீடு விற்பனையில் யாருக்கும் இல்லை. நாளைக்கு வேறொருவர் பத்து லட்சம் தருகிறேன் என்றாலும் நீங்கள் மாற முடியாது.

இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த பின்னேரம் ஒரு அழைப்பு வரும், பெரும்பாலும் வரும். கூரை பழசு, ஃபர்னஸுக்குப் பதினெட்டு வயது, பின்சுவரில் ஈரம், ஆகவே 25,000 குறையுங்கள் என்பார்கள். குறைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் அவர்கள் இன்னும் விலகலாம் என்பதால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். அவர்கள் பார்க்க வந்த அன்றே கண்ணுக்குத் தெரிந்த பழைய கூரைக்கு நான் ஒரு சதமும் குறைக்கமாட்டேன். யாருக்கும் தெரியாமல் இருந்த மின்கம்பிப் பிரச்சினை வெளிவந்தால் கொஞ்சம் இறங்குவேன், ஏனென்றால் அடுத்து வருபவரும் அதையே கண்டுபிடிப்பார். திருத்தித் தருகிறேன் என்று ஏற்காதீர்கள், விலையில் குறைத்து முடியுங்கள். திருத்தினால் "வடிவாகத் திருத்தவில்லை" என்று குளோசிங் அன்று இன்னொரு சண்டை வரும்.

கண்டிஷன் நீங்கியபிறகு வாங்குபவரின் வங்கி வீட்டைக் குறைத்து மதிப்பிட்டால், மிச்சக் காசைத் தேடுவது அவர் பாடு. அவர் தேடமாட்டாமல் விட்டுப் போவதும் உண்டு. 2017 ஏப்ரலில் மாகாண அரசு வீட்டுச் சந்தைக் கட்டுப்பாடுகளை அறிவித்தபோதும், 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 வீதம்வரை ஏறியபோதும் அப்படி நிறையப் பேர் விலகினார்கள். டிபொசிட் விற்றவர்களுக்குப் போனது. பிறகு குறைந்த விலைக்கு விற்றவர்கள் அந்த வித்தியாசத்துக்கும் வழக்குப் போட்டு வென்றார்கள். வெல்வது வேறு, காசைக் கையில் வாங்குவது வேறு, அதையும் சொல்லி வைக்கிறேன். வாங்குபவர் பக்கத்திலிருந்து "இரண்டு கிழமை தள்ளலாமா" என்று கேள்வி வந்தால், நீங்களாக வாய்மொழியில் சம்மதிக்காமல் உங்கள் சட்டத்தரணியிடம் விடுங்கள். தள்ளுவதற்கு நாளுக்கு இவ்வளவு வட்டி என்றும், கூடுதல் டிபொசிட் என்றும் கேட்கலாம்.

அந்த 50,000ஐ நீங்கள் தொட முடியாது. அது உங்கள் ஏஜென்டின் நிறுவனத்தின் நம்பிக்கைக் கணக்கில் (trust account) குளோசிங்வரை இருக்கும். குளோசிங் முடிந்தாலும் அது உங்கள் கைக்கு வராது என்று நினைக்கிறேன். 5 வீதக் கொமிஷன் என்று எழுதியிருந்தால் 49,000, அதற்கு 13 வீத வரி 6,370, மொத்தம் 55,370. டிபொசிட்டை அவர்களே எடுத்துக்கொண்டு மேலும் 5,370 கேட்பார்கள். பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

ஏஜாக்ஸ் வீட்டுக்குக் காசு வேண்டும் என்றால் வழி, பிரிட்ஜ் லோன். பழைய வீட்டுக் காசு வரும்வரை வங்கி தரும் குறுங்காலக் கடன். விற்பனை ஒப்பந்தத்தில் கண்டிஷன் எதுவும் மிச்சமில்லை என்று கண்டால்தான் தருவார்கள், ஆகவே 17ஆம் திகதி முடிந்த கையோடு வங்கிக்குப் போங்கள். முடிந்தால் ஏஜாக்ஸ் வீட்டை நாலைந்து நாள் முந்தி எடுத்துவிடுங்கள். ஒரே நாளில், அதுவும் வெள்ளிக்கிழமையில், இரண்டு குளோசிங் வைத்தால் வாங்குபவரின் வங்கி காசை அனுப்பப் பின்னேரம் நாலரை ஆனாலே உங்கள் சாமான் எல்லாம் லொறியில் தூங்கும், அலுவல் திங்கட்கிழமைக்குப் போகும். நாலு நாள் வட்டி அந்த அவதிக்கு மலிவு. நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமையைத் தெரிந்தீர்களோ தெரியாது. பால் காய்ச்சுவதற்கு நாள் பாருங்கள், பதிவுக்குப் பார்க்காதீர்கள். கணினியில் எந்த நிமிடம் பதிவு விழும் என்பது ராகு காலத்துக்குக் கட்டுப்பட்டதில்லை.

சட்டத்தரணியை இன்னும் பிடிக்கவில்லை என்றால் இப்போதே பிடியுங்கள். நவம்பரில் தேடினால் ஆறுதலாகப் பார்க்க நேரம் இராது. ஒப்பந்தத்தில் ஒரு திகதி இருக்கும், அதற்குள் வாங்குபவரின் சட்டத்தரணி உங்கள் வீட்டு உறுதியை (பத்திரத்தை) தோண்டிப் பார்த்துக் கேள்விகள் அனுப்புவார். கட்டி முடித்தும் பதிவிலிருந்து நீக்காத பழைய மோர்ட்கேஜ், அனுமதி எடுத்து முடிக்காத கட்டடவேலை எல்லாம் அப்போதுதான் வெளிவரும். வாசலில் வந்து விற்ற ஃபர்னஸ், தண்ணீர் வடிகட்டி ஒப்பந்தம் ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் கம்பனிகள் வீட்டு உறுதியில் நோட்டீஸ் பதிவதை 2024 ஜூனில் மாகாண அரசு தடுத்துவிட்டது, ஆனாலும் நீங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. வாடகைக்கு எடுத்த சுடுதண்ணீர்த் தாங்கியை வாங்குபவர் பொறுப்பேற்பதாக ஓஃபரில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீடு உங்களில் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், மற்றவரும் ஒப்பந்தத்தில் சம்மதக் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். குடும்பமாக இருந்த வீட்டை ஒருவர் தனியாக விற்க ஒன்ராறியோவின் குடும்பச் சட்டம் விடாது. அந்தக் கோடு வெறுமையாக இருந்தால் நாளைக்கே சொல்லுங்கள். யாராவது ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருந்தாலும் சொல்லுங்கள், கையெழுத்து வாங்க வழி இருக்கிறது.

மோர்ட்கேஜை உங்கள் சட்டத்தரணி வங்கியிடம் கணக்குக் கேட்டு வாங்கிக் கட்டி முடிப்பார். தவணை முடியாத மோர்ட்கேஜை உடைத்தால் அபராதம் உண்டு. மாறும் வட்டி என்றால் பெரும்பாலும் மூன்று மாத வட்டி. நிலையான வட்டி என்றால் அதுவோ வட்டி வித்தியாசக் கணக்கோ (உங்கள் வட்டிக்கும் இன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மிச்சத் தவணைக்குக் கணக்கிடுவது), எது கூடவோ அது. 310,000 பாக்கி, 5 வீத வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு 3,875. வித்தியாசக் கணக்கு இதைப் பல மடங்கு தாண்டலாம். அதே மோர்ட்கேஜை ஏஜாக்ஸ் வீட்டுக்குக் கொண்டுபோனால் அபராதம் குறையுமா என்று வங்கியிடம் முதலில் கேளுங்கள். வீட்டின்மேல் லைன் ஒஃப் கிரெடிட் (வேண்டும்போது எடுக்கும் கடன்) இருந்தால், வங்கி கணக்குத் தந்தபிறகு அதில் ஒரு டொலரும் எடுக்காதீர்கள். கட்டிய காசு நூறு டொலர் குறைந்தாலும் அந்தக் கடன் பதிவிலிருந்து நீங்காது, எல்லோருக்கும் மாதக்கணக்கில் கடிதம் எழுதும் வேலை. தனியாரிடம் வாங்கிய இரண்டாவது மோர்ட்கேஜ் இருந்தால் அந்த விடுவிப்புப் பத்திரம் குளோசிங் அன்றே கையில் இருக்க வேண்டும்.

வீட்டுக் காப்புறுதியை நிறுத்தாதீர்கள். குளோசிங் முடியும்வரை நெருப்போ வெள்ளமோ உங்கள் பொறுப்பு. பெரிய சேதம் வந்தால் வாங்குபவர் டிபொசிட்டை வாங்கிக்கொண்டு விலகலாம், அல்லது காப்புறுதிக் காசை எடுத்துக்கொண்டு வாங்கலாம், எதைச் செய்வது என்பது அவர் முடிவு. நீங்கள் முந்தியே ஏஜாக்ஸ் போய்விட்டால் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவியுங்கள், 30 நாளுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குப் பல காப்புறுதிகள் செல்லாது. ஹீட்டரை நிற்பாட்ட வேண்டாம். நவம்பர் குளிரில் குழாய் வெடித்தால் மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்பதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் சண்டை பிடிக்கிறார்கள். சுவரோடு பூட்டியது வீட்டோடு போகும், தூக்கிக்கொண்டு போகக்கூடியது உங்களோடு வரும், ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாவிட்டால். ஒரு குடும்பம் அலுமாரிக்குள் மார்பிள் பதித்துக் கட்டியிருந்த சாமி அறையைப் பெயர்த்துக்கொண்டு போனது. அவர்களுக்கு அது சாமி, வாங்கியவருக்கு அது சுவரில் ஆறு ஓட்டை. விட்டுப் போக மனமில்லாத பொருள் ஏதும் இருந்தால் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாடியில் நிற்கும் கறிவேப்பிலை உங்களுடையது, முற்றத்தில் நட்ட ரோசா அவர்களுடையது. வாங்குபவர்கள் குளோசிங்குக்கு முன் ஒன்றிரண்டு தரம் வந்து பார்ப்பார்கள், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால். அப்போது அடுப்பு, ஃபிரிட்ஜ், உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லாம் வேலை செய்ய வேண்டும். நல்லதை மாற்றிப் பழசை வைக்கும் விளையாட்டு வேண்டாம், படம் எடுத்து வைத்திருப்பார்கள்.

குளோசிங்குக்குச் சில நாள் முன்பு சட்டத்தரணியிடம் போய்க் கையெழுத்து வைப்பீர்கள். அடையாள அட்டைகள், திறப்புகள், கராஜ் ரிமோட், உங்கள் வங்கிக் கணக்கு விபரம் கொண்டுபோங்கள். கணக்கு விபரத்தை நேரில் கொடுங்கள். "கணக்கு மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்" என்று யார் பெயரில் ஈமெயில் வந்தாலும் தெரிந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்காமல் ஒன்றும் செய்யாதீர்கள். நகரசபை வரியை அந்தத் திகதிவரை கணக்குப் பார்த்துப் பிரிப்பார்கள், குளோசிங் நாள் வாங்குபவர் கணக்கில் விழும். தண்ணீர், கரண்ட், காஸ் மீட்டர்களைக் கடைசியாக வாசிக்க நீங்கள்தான் சொல்ல வேண்டும். கட்டாத தண்ணீர்க் காசு ரொறன்ரோவில் வீட்டு வரியோடு சேர்ந்துவிடும்.

14ஆம் திகதி, அல்லது புதிதாகப் போடும் திகதியில், பின்னேரம் 6 மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும். வாங்குபவரின் காசு உங்கள் சட்டத்தரணியின் கணக்குக்கு வரும், அவர்களுடைய சட்டத்தரணி பதிவார், அதன்பிறகே திறப்பு கைமாறும். பக்கத்து வீட்டுக்காரரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் வேண்டாம். தொலைபேசியை மட்டும் கையில் வைத்திருங்கள்.

மேலே சொன்ன எண்களோடு, லைன் ஒஃப் கிரெடிட்டில் 40,000 இருப்பதாக வைத்தால், 980,000இலிருந்து கொமிஷன் 55,370, கடன்கள் 350,000, அபராதம் 3,875 கழித்து 570,755 மிஞ்சும். அதிலிருந்து சட்டத்தரணி கட்டணமும் கீழே இருப்பவர்களுக்குக் கொடுப்பதும் போகும். காசு மறுநாள்கூட வரலாம், வெள்ளிக்கிழமை என்றால் திங்கள். காணி மாற்ற வரி விற்பவருக்கு இல்லை. ஏஜாக்ஸ் வீட்டுக்கு நீங்கள் கட்டுவீர்கள், ஆனால் மாகாண வரி மட்டும், ரொறன்ரோ நகரத்தின் இரண்டாவது வரி அங்கே இல்லை.

அடுத்த வருடம் வருமான வரி செய்யும்போது இந்த விற்பனையைக் கட்டாயம் காட்டுங்கள். சொந்தமாக இருந்த வீட்டுக்கு இலாப வரி இல்லை என்று பலர் எழுதாமல் விடுகிறார்கள். வரி இல்லாவிட்டாலும் 2016இலிருந்து அறிவிக்க வேண்டும், பிந்தினால் அபராதம் 8,000 டொலர்வரை போகலாம். பேஸ்மென்ட் வாடகையைக் காட்டியபோது வீட்டுக்குத் தேய்மானம் கழித்தீர்களா என்று உங்கள் கணக்காளர் கேட்பார். கழித்திருந்தால் கணக்கு வேறுமாதிரிப் போகும், ஆகவே அந்தப் பழைய வரிப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள்.